வலது கம்பில் அண்ணன்

நவம்பர் 25

இயேசுவுக்குத் தோத்திரம்.

என் பிரியமுள்ள இசைவாணி அக்காவுக்கு,

உன் தங்கை ஜீவிதா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? மடத்தில் நவசந்நியாசப் பயிற்சி முடியும்வரை போன் கிடையாது என்று பெரியம்மா இன்னமும் குறைப்படுகிறார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் நான் "ம்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உன் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. எங்கள் வீட்டுக்கு ஒன்று, எதிரே உங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு ஒன்று. தபால்காரர் இரண்டு உறைகளையும் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவில் நின்று, "எழுத்து ஒண்ணு, தெரு ஒண்ணு. ஒரே கவர்ல போட்டிருந்தா புள்ளைக்கு ஸ்டாம்பு மிச்சமாயிருக்கும்ல" என்றார். இரண்டு வாசலிலும் ஆள் இருந்தும் யாரும் சிரிக்கவில்லை.

அப்பா நின்றபடியே வாசித்தார். மாதா திருநாளன்று, டிசம்பர் எட்டாம் தேதி, உனக்குக் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு என்ற இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. "அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாருங்கள். தனித்தனியாக வருவதானால் ஒருவரும் வர வேண்டாம்" என்று நீ எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "பாப்பம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் சட்டை மாற்றும்போதெல்லாம் கடிதமும் அடுத்த சட்டைக்கு மாறுகிறது. இதை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது.

பெரியம்மா குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பெத்தவ நான், என்னையவும் சேத்துல்ல வர வேணாங்கிறா உங்க அக்கா" என்றார். பெரியப்பாவோ, "கன்னியாஸ்திரி ஆகுறதுக்கு முன்னாடியே மதர் மாதிரி உத்தரவு போடுறா" என்றாராம். கோபமா பெருமையா என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

நீ கேட்டிருப்பது சின்ன விஷயம் இல்லை அக்கா. கவுன்சிலர் தேர்தலில் பெரியப்பா பச்சைக்கரைக் கட்சிக்காக நின்றதும், அப்பா ஊதாக்கரைக் கட்சிக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்ததும் உனக்குத் தெரியும். ஓட்டு எண்ணிய நாள் நீ விடுதியில் இருந்தாய். வாசலில் நின்று பார்த்தவள் நான். பெரியப்பா தோற்றார் என்று செய்தி வந்ததும் அப்பாவின் கட்சிக்காரர்கள் உங்கள் வாசலில் சரவெடியைக் கொளுத்தினார்கள். அது புதுவருடத்துக்கு மறுநாள். உங்கள் வாசலில் கிறிஸ்துமஸ் குடில் இன்னும் பிரிக்காமல் இருந்தது. பொறி பட்டு வைக்கோல் பற்றிக்கொண்டது. பெரியப்பா வெறுங்கையால் மாதாவையும் சூசையப்பரையும் பாலனையும் எடுத்து வெளியே வைத்தார். எங்கள் வாசலிலிருந்து உங்கள் வாசலுக்குப் பத்து எட்டு வைக்கிற தூரம் இருக்குமா? அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். போகவில்லை.

அவர் வெடி போடச் சொல்லவில்லை. அது பெரியப்பாவுக்கும் தெரியும். போகவில்லை என்பதுதான் வழக்கு. அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் குடில் கட்டவில்லை, இரண்டு பேரும் பேசவும் இல்லை.

ஆனால் இன்னொன்றும் நான் பார்த்தேன். போன மாசி மாதம் பெரியப்பா அய்யலூர்ச் சந்தையில் கிடா வாங்கி, பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அது துள்ளிக் கீழே விழுந்து வலது தோள் முறிந்ததல்லவா? கிடாவுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு அப்பா என்னை வேலையிலிருந்து அழைத்துக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரி வரை போனார். உள்ளே போகவில்லை. எதிரே டீக்கடையில் நின்று டீக்கு மேல் டீ குடித்தார். பெரியம்மா வெளியே வந்து யாரிடமோ "எலும்பு கூடிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று போனில் சொன்னது காதில் விழுந்த பிறகுதான், "ஏறு, போவோம்" என்றார்.

இப்போது ஊர்ச் செய்தி. நேற்றுச் சவேரியார் கோயிலில் கொடியேற்றம். தேர்தலிலிருந்து சப்பரத்தை ஒரு வருடம் பச்சைக்கரைக்காரர்களும் ஒரு வருடம் ஊதாக்கரைக்காரர்களும் தூக்குவது என்று ஆகியிருந்தது. போன வருடம் நடந்த தள்ளுமுள்ளில் சவேரியாரின் சிலுவை பிடித்த கை விண்டுபோனது. புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார் அந்த ஒட்டுப்போட்ட கையைக் காட்டிப் பிரசங்கம் வைத்தார். சேசுநாதர் கூப்பிட்ட பன்னிரண்டு பேரில் ரோமைக்காரனுக்கு வரி வசூலித்த மத்தேயுவும் இருந்தார், ரோமை ஆட்சியையே ஒழிக்க நினைத்த சீமோனும் இருந்தார், இரண்டு பேரும் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டார்கள் என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா, "அவுக ரெண்டு பேரும் எதிரெதிர் வீட்டுல குடியிருக்கலயே சாமி" என்று சொல்லிவிட்டார். கோயிலே சிரித்தது. பெரியப்பாவும் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

சாமி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப சவேரியார் உள்ளயே இருக்கட்டும். உங்களுக்குத் தூக்கணும்னு ஆசையா இருந்தா ஆளுக்கொரு கட்சியத் தூக்கிக்கிட்டுத் தெருவச் சுத்துங்க" என்றார். அப்புறம், பழைய நாளில் போல மரியசெல்வமும் அருளப்பனும் முன்கம்பு இரண்டுக்கும் தோள் கொடுத்தால் சப்பரம் வெளியே வரும், கரை வேட்டியும் துண்டும் கூடாது, வெள்ளை மட்டும்தான், இல்லையென்றால் கதவைப் பூட்டிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். அப்பா பெயரையும் பெரியப்பா பெயரையும் சேர்த்து ஒரே மூச்சில் யாரும் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

இன்று காலை அப்பா என்னைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் தூது போகிறவள் நான்தான். "இவகிட்டச் சொல்லிவிட்டா கூட்டவும் மாட்டா, கொறைக்கவும் மாட்டா" என்பார். "வலது கம்புல அவரு நிக்கட்டும்னு போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

நம் ஊரில் கம்புக்கு வெளியே நின்று தூக்குவதால் இடது கம்பு வலது தோளில் ஏறும், வலது கம்பு இடது தோளில் ஏறும். பெரியப்பாவின் இடம் எப்போதும் இடது கம்பு. முறிந்த தோளில் அதைத் தாங்க முடியாது. வலது கம்பு அப்பாவுடையது. தாத்தா அவருக்குக் கொடுத்த இடம். அதைத்தான் விட்டுக்கொடுக்கிறார். வாயால் சொன்னது என்னவோ ஒரு வரிதான்.

நான் தெருவைக் கடந்து போனேன். பெரியப்பா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "என்ன, எனக்குத் தோளு போயிருச்சுன்னு உங்கப்பன் இரக்கப்படுறானாக்கும்?" என்றார். கம்பு மாறும் பேச்சு யார் சொல்லி அவருக்குத் தெரியுமோ. இவர் முடியாது என்றால் சப்பரமும் இல்லை, உன் வார்த்தைப்பாட்டுக்கு யாரும் வரப்போவதும் இல்லை என்று நினைத்தேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது இது: "வலது கம்புல அண்ணன் நிக்கட்டும்னு அப்பா சொன்னாரு."

தழையைக் கட்டிய கை அப்படியே நின்றது. "அண்ணன்னா சொன்னான்?" என்றார். நான் தலையை ஆட்டினேன். தழையை இறுக்கி முடிந்துவிட்டு, "சரி, நீ போத்தா" என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா, ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். இது பொய்யா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? சொன்னால் சாமி அப்பாவிடம் கேட்டுவிட மாட்டார் என்று தெரியும், இருந்தாலும் பயமாக இருக்கிறது. நீ மடத்துக் கோயிலில் முழங்காலில் இருக்கும் நேரத்தில் எங்கள் தெருவை நினைத்துக்கொள். இரண்டு வாசலையும் சேர்த்து நினை.

உன் செபத்தை நம்பியிருக்கும்,
ஜீவிதா


டிசம்பர் 4

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அக்கா, வாரோம்!

இந்த ஒரு சொல்லை எழுதி அனுப்பினால் போதும் என்று அம்மா சொன்னார். எனக்குப் போதவில்லை. நாளைக்கே திண்டுக்கல் பெரிய தபாலாபீசுக்குப் போய் விரைவு அஞ்சலில் சேர்த்துவிடுவேன். நாங்கள் வருவதற்கு முன் நீ இதை வாசித்துவிட வேண்டும். ஏனென்றால் அங்கே வந்ததும் ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்வார்கள். நடந்தது இதுதான்.

திருவிழாவுக்கு நாலைந்து நாள் முன்னால் அப்பா என்னிடம், "சப்பரத்துக்குத் தோள் மெத்தை ரெண்டு தச்சுக் குடு. ஒண்ணு கனமா இருக்கட்டும்" என்றார். யாருக்குக் கனம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேகம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷமா அக்கா கடையில் இப்போது சட்டமன்றத் தேர்தலுக்காகக் கொடி தைத்து மாளவில்லை. ஒரு மெஷினில் பச்சை ஓடும், பக்கத்து மெஷினில் ஊதா ஓடும். வெட்டிப் போட்ட துண்டு துணியெல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். "எடுத்துக்கத்தா, சாமி காரியம்தானே" என்றார் ஷமா அக்கா. நான் வெள்ளைத் துணியில் இரண்டு உறை தைத்து, கைக்கு எட்டிய மூட்டையிலிருந்து அடைத்தேன். கனமான மெத்தைக்கு அதில் மிச்சம் போதாது என்று இன்னொரு மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே போவது என்ன நிறம் என்று யோசிக்கவே இல்லை. மேலே வெள்ளைதானே தெரியும்?

வேண்டுமென்று செய்யவில்லை அக்கா. நீயாவது நம்பு. ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

நேற்றுப் பகல் சப்பரம். திருப்பலி முடிந்து கோயில் நிறைய ஆட்கள். முன் கம்பு இரண்டும் காலியாக இருந்தன. அப்பா போய் இடது கம்பின் பக்கம் நின்றார். வெள்ளை வேட்டியில் அவரைப் பார்க்க யாரோ போல இருந்தது. பேண்டு செட்டுக்காரர்கள் வாசிக்கத் தொடங்கி, நிறுத்தி, மறுபடியும் தொடங்கினார்கள். வலது கம்பில் ஆள் இல்லை. சாமி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் பெரியப்பா உள்ளே வந்தார். அவரும் வெள்ளை வேட்டி. யாரையும் பார்க்காமல் நேரே போய் வலது கம்பில் இடது தோளைக் கொடுத்தார். நான் மெத்தையை வைத்துவிட்டேன். "கனமா இருக்கே" என்றார். "அப்பா சொன்னாரு" என்றேன். இது நிஜம்.

சப்பரம் தூக்கியதும் கூட்டம் "மரியே வாழ்க" என்று போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தன. இத்தனை வருடமாகச் சாய்ந்தே போன சப்பரம் நேற்றுத்தான் நேராகப் போயிற்று. ஊரில் அந்த இரண்டு பேருக்குத்தானே ஒரே உயரம்! ஆனால் பேச்சு கிடையாது. இரண்டு பேரும் நேரே பார்த்தபடி, சண்டை போட்ட மாடுகளை ஒரே வண்டியில் பூட்டியது போல நடந்தார்கள்.

முதல் நாள் பெய்த மழையில் கட்சிக் கொடிக்கம்பங்கள் இருக்கிற முக்கில் ஒரே சகதி. அங்கே திரும்பும்போது பெரியப்பாவின் கால் வழுக்கியது. சப்பரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பெண்கள் எல்லோரும் அலறிவிட்டோம். அப்பா கம்பை இரண்டு கையாலும் அணைத்து, பாரம் முழுவதையும் தன் தோளுக்கு இழுத்துக்கொண்டார். பெரியப்பா காலை ஊன்றிக்கொண்டார். சவேரியார் தப்பித்தார். அப்பாவின் தோள் மெத்தைதான் தப்பவில்லை. தையல் விட்டு, அதற்குள்ளிருந்து பச்சைத் துணி கொத்துக் கொத்தாக அவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்தது. பச்சை! அதிலும் ஒரு துண்டில் பெரியப்பா கட்சியின் சின்னம் பாதி தெரிந்தது.

பேண்டு நின்றுபோனது. அப்பாவின் கட்சிக் கிளைச் செயலாளர் சேவியர் மாமா முன்னால் பாய்ந்து, "எவன்டா உள்ள பச்சைய வச்சது? எங்க ஆள வேணும்னே அசிங்கப்படுத்துறீகளா?" என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்தும் நாலு பேர் வந்தார்கள். போன வருடம் மாதிரியே ஆகப்போகிறது என்று நினைத்தேன். நான் நிற்கிற இடம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று தோன்றியது. ஆனாலும் கூட்டத்துக்குள் நுழைந்து, "நான்தான் மாமா. கடையில கெடந்த துணி. நான்தான் வச்சேன்" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

அப்போது ஒரு சிரிப்புக் கேட்டது. பெரியப்பா. கம்பைத் தாங்கிக்கொண்டே தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "ஏலே மரியசெல்வம், எம்புட்டு நேரமாடா எங் கட்சியச் சொமந்துக்கிட்டு வார?" என்றார்.

அக்கா, தேர்தலுக்குப் பிறகு அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

அப்பா திரும்பிப் பார்த்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. "நீ மொதல்ல ஓந் தோள்ல இருக்குறது என்னன்னு பாரு" என்றார். பெரியப்பா ஒரு கையால் மெத்தையின் தையலைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஊதா. பூப் போல உதிர்ந்தது. தெருவே சிரித்தது. சாமி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்ததில் ஊரெல்லாம் ஸ்பீக்கரில் கேட்டது. சேவியர் மாமா மட்டும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே குனிந்து பச்சையையும் ஊதாவையும் சேர்த்துப் பொறுக்கி என் கையில் திணித்து, "தைக்கிறவ கெட்டியா தைக்க மாட்டியா?" என்றார்.

சப்பரம் நம் தெருவுக்கு வந்தது. வீட்டுக்கு வீடு நிறுத்தி, உப்பும் மிளகும் போட்டு மாலை சாத்துவது வழக்கமல்லவா? உங்கள் வாசலில் பெரியம்மா மாலையோடு நின்றார். சாத்தி முடிந்தும் சப்பரம் நகரவில்லை. அப்பா நகரவில்லை. குடில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெரியம்மாவின் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "அன்னைக்கி நான் வந்திருக்கணும்ணே" என்றார்.

பெரியப்பாவும் அந்த இடத்தைத்தான் பார்த்தார். "வந்திருக்கணும்தான்" என்றார். அப்புறம், "இப்ப வந்துட்டேல்ல. நட, தோளு வலிக்குது" என்றார்.

பெரியம்மா அழுதது எதற்கு என்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாது. பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

மதியம் கோயில் வளாகத்தில் பொது அசனம். எல்லா வீட்டுக் கிடாவும் ஒரே அண்டாவில். பெரியப்பாவைக் கீழே தள்ளிய அந்தக் கிடாவும் அதில் இருந்தது. "என் தோளுக்கு வட்டி வாங்காம விட்டுருவனா?" என்று சொல்லி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். அப்போது பெரியப்பா, "வர வேணாம்னுதான்டா இருந்தேன். வலது கம்புல அண்ணன் நிக்கட்டும்னு நீ சொல்லிவிட்டேன்னு புள்ள வந்து சொன்னா பாரு, அதுக்கப்புறம் என்னால இருக்க முடியல" என்றார்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். சோற்றைப் பிசைந்த அவர் விரல்கள் நின்று, மறுபடி பிசையத் தொடங்கின.

"ஆமாண்ணே. சொன்னேன்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவுச் செபம் முடிந்து சிலுவை அடையாளம் போடும்போது மட்டும் வழக்கமாக என் சின்னத் தம்பி தலையில் வைக்கிற கையை என் தலையிலும் வைத்தார்.

கட்சி மாறிவிட்டார்களோ என்று நீ சந்தோஷப்படாதே, பயப்படவும் செய்யாதே. இன்று காலையிலேயே இரண்டு பேரும் உங்கள் வாசலில் நின்று தேர்தலைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்க ஆளு டெபாசிட் வாங்குனா நான் மொட்ட போட்டுக்கிறேன்" என்றார் அப்பா. "ஓந் தலையில மயிரு எங்க இருக்கு, போடுறதுக்கு?" என்றார் பெரியப்பா. பெரியம்மா உள்ளேயிருந்து, சண்டை போடுவதானால் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று இரண்டு பேருக்கும் இட்லி வைத்தார். இந்த வருடம் குடில் கட்டப் போகிறார்களாம். வைக்கோல் எங்கள் களத்திலிருந்து வருகிறது. "வைக்கோல் மட்டும் வரட்டும், வெடி வேணாம்" என்றார் பெரியப்பா. அப்பா சிரித்தார். முன்பெல்லாம் அப்படிச் சொன்னால் வெட்டுக்குத்து ஆகியிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பெங்களூர் வண்டி ஏறுகிறோம். ஒரே பெட்டி. இரண்டு பேரும் ராத்திரி முழுவதும் அரசியல் பேசி மற்றவர்களைத் தூங்கவிட மாட்டார்கள் என்று அம்மாவும் பெரியம்மாவும் இப்போதே பயப்படுகிறார்கள். பைக்குள் வைத்திருக்கும் கரை வேட்டிகளை மடத்துக்குள் உடுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். உங்கள் கோயிலில் அவர்களுக்கு நாற்காலி போடுகிறவர்களிடம் சொல், பக்கத்துப் பக்கத்தில் போடட்டும். பெரியப்பாவுக்கு வலது பக்கம்.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். எழுதினால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. நடுத்தெருவில் அத்தனை பேருக்கு முன்னால் பேசியவள் பரீட்சை மண்டபத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்? ஷமா அக்காவும் சனிக்கிழமைகளில் விடுப்புத் தருகிறேன் என்றார்.

இன்னும் ஒன்றே ஒன்று. வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு உன்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், அதுதான் மரியாதை என்று பெரியம்மா வீட்டில் எல்லோரையும் பழக்குகிறார். அப்பாவே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நானும் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. ஒரு சொல் மாறினால் என்னவெல்லாம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் நீ வெள்ளை உடுப்பில் பீடத்திலிருந்து இறங்கி வரும்போது நான் எழுந்து நின்று, மடத்துத் தாய்மார் எல்லோருக்கும் கேட்கும்படி, அக்கா என்று கூப்பிடுவேன். சத்தமாகவே வரும். நீ திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஆண்டவர் உன்னை எங்களுக்காகவும் எங்களை உனக்காகவும் காப்பாராக.

எப்போதும் உன் தங்கை,
ஜீவிதா